தினம் ஒரு சொம்பு

பழைய வேன் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிறவர்கள் ஒரு ரகம். ஏன் குறைந்தது என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குச் செலவே கிடையாது, ஒரு நாள் வரைக்கும். அந்த ஒரு நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக, ஊருக்கு வெளியே, மாமியார் வண்டியில் இருக்கும்போது வரும்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தை ஓசியில் படிப்பவர்) முதல் ரகம். சேலத்துக்காரர். 2003 மாடல் மாருதி ஆம்னி வைத்திருக்கிறார். தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே படைக்கப்பட்டதே, அந்த வேன்தான். 1984-ல் வெறும் ‘மாருதி வேன்’ ஆக வந்து, பிற்பாடு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்று போனது. அந்தச் செய்தி நண்பரின் வண்டிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். எஞ்சின் சூடானால் மீட்டருக்கு முன்னால் டிரைவருக்குத் தெரிந்துவிடும். எந்த இடத்தில் என்று விளக்க வேண்டியதில்லை.

நண்பர் தினமும் காலையில் குளித்து, விபூதி இட்டு, துளசிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். வேனுக்கு ஒரு சொம்பு. ஆறு மாதமாக இதுதான் நித்திய கர்மா.

“இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா. வயசான வண்டி, கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்” என்பது அவர் வாதம்.

குடிக்காது ஸார்! பெட்ரோல் குடிக்கும். வயசானால் ஆயில்கூட லேசாகக் குடிக்கும். தண்ணீர் குடிக்கவே கூடாது. அதன் வேலை சுற்றி வருவது மட்டும்தான். எஞ்சினிடம் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி எஞ்சினுக்கு வர வேண்டும். ரிசர்வ் டப்பாவில் பல மாதத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தால் மன்னித்துவிடலாம். தினம் ஒரு சொம்பு குறைகிறதென்றால் அது எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று தெரியாதவரை நீங்கள் ஊற்றுவது ரேடியேட்டரில் அல்ல, ஓட்டைப் பானையில்.

நண்பரை மாற்றியது தத்துவம் அல்ல, குலதெய்வம். கொல்லிமலையில் கோயில். சின்ன மகளுக்கு முதல் மொட்டை, காதுகுத்து. தேதி குறித்தாகிவிட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன், அவர் சம்சாரம். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் பாதி உதவி. மலையில் முதல் கியரில் முக்கி முக்கி ஏறும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்றோ இல்லை. ஒரு சொம்பு எந்த வளைவில் தீரும் என்று நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் லஞ்ச் டயத்தில் ஆபீஸே கூடி வைத்தியம் சொன்னது.

“ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்க. ஓட்டை அடைச்சுக்கும்.” இது அக்கவுண்ட்ஸ். உண்மையிலேயே நம் ஊரில் காலம் காலமாக இருக்கிற வைத்தியம்தான். நடுக்காட்டில் ஒரு மயிரிழை ஓட்டையை அடைத்து வீடு கொண்டுவந்து சேர்க்கக்கூடும். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் ஒல்லிக் குழாய் என்று பேதம் தெரியாது. இரண்டையும் அடைக்கும். அப்புறம் தாளித்துக் கொட்டி ரசம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“எம்-சீல் வெச்சு அப்புங்க.” இது டெஸ்பாட்ச். எங்கே அப்புவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கி எறிங்க. தண்ணி ஃப்ரீயா ஓடும், வண்டி ஜில்லுனு இருக்கும்.” இது யூட்யூப் பார்க்கிற பையன். எஞ்சின் ஜில்லென்று இருப்பது அதற்கு ஆரோக்கியம் இல்லை. ஓரளவு சூடானால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும். தெர்மோஸ்டாட் என்கிற அந்தச் சின்ன வால்வு தண்ணீர் 80 டிகிரி தாண்டுகிற வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைப்பது அதற்காகத்தான். அதைக் கழற்றினால் மைலேஜ் போகும், கசிவு அப்படியே இருக்கும்.

“வித்துடுங்க.” இது மேனேஜர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

நண்பர் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், “ஹெட் கேஸ்கெட் அடிச்சிருக்கும் ஸார், எஞ்சின் இறக்கிடலாம்” என்று சொல்லி ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். நண்பர் அந்தச் சீட்டை மடித்து, பர்ஸில் வெங்கடாஜலபதி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் என்னையும் கூட்டிக்கொண்டு பாயிடம் போனார். எனக்கு அங்கே டார்ச் பிடிக்கிற உத்தியோகம்.

பாய் தலை நரைத்த பழைய மெக்கானிக். புளியமரத்தடியில் பட்டறை. ஐந்து இலக்கச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வீட்ல குக்கர் யாருங்க வைக்கிறது?”

“நான்தான் பாய். ஏன்?”

“அப்ப சொல்றது ஈஸி. குக்கர்ல ஆவி சைடுல போச்சுன்னா மொதல்ல எதைப் பாப்பீங்க?”

“வெயிட்டை. அப்புறம் ரப்பர் கேஸ்கெட்டை.”

“குக்கரையே உருக்கி ஊத்துவீங்களா?”

“மாட்டேன்.”

“அவ்வளவுதான் சார். இதுவும் குக்கருதான்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பல சின்ன வண்டிகளின் மூடியில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தம் வரும்வரை மூடியிலுள்ள ஸ்பிரிங் எதையும் வெளியே விடாது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 0.9 பிரஷரில் அடைத்துவைத்தால் ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காது. சமையலறைக் குக்கரும் ஏறக்குறைய அதே பிரஷர், அதே சூடு. கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ஆக, ஆம்னி ஓட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள்.

மூடியில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. பிரஷர் மிஞ்சினால் ரிசர்வ் டப்பாவுக்குத் தண்ணீர் போகிறது அல்லவா? எஞ்சின் ஆறியதும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது அந்த வால்வு வழியாகத்தான். மூடியின் ரப்பர் கெட்டால் இரண்டும் கெட்டது. சீக்கிரம் கொதிக்கும், டப்பா வழியாகப் பொங்கி வழியும், போனது திரும்பாது.

பாய் முதலில் பச்சைக் கூலன்டைக் கலந்து ஊற்றினார். வெறும் தண்ணீர் கசிந்து காய்ந்தால் தடயமே இருக்காது. பச்சை என்றால் போன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரிக்கச் சொன்னார். காலையில் பார்த்தால் பேப்பர் அப்படியே காய்ந்து கிடக்கிறது. நண்பருக்கு ஒரே குழப்பம். “பாய், லீக்கே இல்லியே!”

“நிக்கறப்ப இல்ல. ஓடறப்ப இருக்கு. சூடும் பிரஷரும் ஏறினாத்தான் லீக்காகுது. லீக்கானது சூட்டிலேயே ஆவியாயிடுது.”

அடுத்து மூடி. எஞ்சின் நன்றாக ஆறினபிறகு கழற்றினார். ரப்பர், வாணலியில் பொரித்த வடகம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. புது மூடி, மூன்று இலக்க விலை. நண்பர் முகத்தில் கல்யாணக் களை. “இதுக்குத்தானா அஞ்சு இலக்கம் கேட்டான்!”

மறுநாள் சாயந்திரம் அதே முகம் தொங்கிப் போயிருந்தது. “பாய், முன்னே ஒரு சொம்பு. இப்ப ஒன்றரை சொம்பு குறையுது!”

பாய்க்கு ஒரே சந்தோஷம்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். விஷயம் இதுதான். பழைய மூடி பிரஷரைப் பிடிக்கவே இல்லை. அதனால் மற்ற பலவீனமான இடங்களுக்கெல்லாம் இத்தனை நாள் விடுமுறை. புது மூடி வந்து பிரஷரைச் சரியாகப் பிடித்ததும், சிஸ்டத்தில் அடுத்த நோஞ்சான் யாரோ, அவன் வழியே தண்ணீர் வெளியே வருகிறது. புது மூடி பழுதை உண்டாக்கவில்லை, ஒளிந்திருந்ததைக் காட்டிக் கொடுத்தது. ஆபீஸில் கண்டிப்பான ஆபீஸர் வந்ததும் பழைய ஃபைல்களில் ஓட்டைகள் தெரியுமே, அது மாதிரி.

இப்போது பாய் ஒரு கைப்பம்பை எடுத்தார். நுனியில் ரேடியேட்டர் வாயில் மாட்டுகிற மூடி, மேலே ஒரு மீட்டர். எஞ்சின் ஆறி இருக்கும்போதே கையால் காற்றடித்து, மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு, அதற்கு மேல் போகாமல், பிரஷர் ஏற்றலாம். ஓடும்போது நடக்கிற கசிவை நிற்கும்போதே, கை சுடாமல் பார்த்துவிடலாம். முள் அசையாமல் நின்றால் சிஸ்டம் கெட்டி. இறங்கினால் எங்கேயோ போகிறது.

முள் இறங்கியது. சீட்டைத் தூக்கினோம். நான் டார்ச் அடித்தேன்.

முதல் குற்றவாளி ஓஸ் முனை. க்ளாம்ப் பக்கத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. ரப்பர் ஓஸ் முதலில் முனையில்தான் சாகும். கையால் அமுக்கினால் ஒரே சீராக இருக்க வேண்டும். கல் மாதிரி கெட்டிப்பட்டாலும் கெடுதல், பஞ்சு மாதிரி தொளதொளத்தாலும் கெடுதல். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓஸ், புது க்ளாம்ப். “ரொம்ப முறுக்காதீங்க, க்ளாம்பே ஓஸை அறுத்துடும்” என்றார் பாய்.

மறுபடி பம்ப். முள் இப்போதும் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. கால் மணி நேரம் காத்திருந்தோம். டார்ச் வெளிச்சத்தில் வாட்டர் பாடிக்கு அடியில் பச்சையாக ஒரு முத்து திரண்டு, யோசித்து, சொட்டியது.

புத்தகத்தில் வாட்டர் பம்ப். பட்டறைத் தமிழில் வாட்டர் பாடி. தண்ணீரைச் சுற்ற வைப்பது இதுதான். அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பழுது இல்லை, தயாரித்தவர்களே வேண்டுமென்று விட்ட துளை. உள்ளே சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சீல் உண்டு. சீல் தேய்ந்தால் கசிகிற தண்ணீர் பேரிங்குக்குள் போய்க் கெடுக்காமல் வெளியே வந்து நமக்குச் சொல்லட்டும் என்பதற்காக வைத்த வழி. நம் டெஸ்பாட்ச் நண்பர் சொன்ன எம்-சீலை இங்கே அப்பியிருந்தால் கசிவு நின்றிருக்கும். தண்ணீர் பேரிங்கைத் தின்றிருக்கும். பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, ஏதோ ஒரு வளைவில் மொட்டைக்கு முன்னாலேயே கொட்டை எடுத்திருக்கும்.

“இதோட முடிஞ்சுதா பாய்?”

“இன்னும் இல்ல. உள்ளே எதுவும் போகலைன்னு நிச்சயம் பண்ணிக்கணும்.”

வெளியே ஒழுகுவது தொந்தரவு. எஞ்சினுக்குள் ஒழுகுவது ஆபத்து. அந்த ஐந்து இலக்கச் சீட்டு நியாயமா அநியாயமா என்று முடிவாக வேண்டிய இடம் இது. பாய் நான்கு விஷயம் பார்த்தார். ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் டிகிரி காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். (மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடுகிற வண்டிகளில் ஈரம் சேர்ந்தும் அப்படி ஆகும்.) மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவின மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. மூன்றும் ஒரே நிறம். சைலன்சரில் எஞ்சின் சூடானபிறகும் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? இல்லை. கடைசியாக, ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் சோடா மாதிரி விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்தார். இல்லை. சந்தேகம் மிச்சமிருந்தால் இதற்கென்றே ஒரு நீல திரவம் இருக்கிறது. எரிந்த வாயு ரேடியேட்டருக்குள் கலந்திருந்தால் மஞ்சளாக மாறிவிடும்.

ஆக, ஹெட் கேஸ்கெட் நிரபராதி. ஒரு மூடி, ஒரு ஓஸ், ஒரு வாட்டர் பாடி. கூலி உள்பட நான்கு இலக்கம், அதுவும் நான்கு இலக்கத்தின் ஆரம்பத்தில். வாட்டர் பாடியைக் கழற்றும்போது வழியில் வருகிற பெல்ட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அதே கூலிதான்.

‘நான்கு மாதம் ஊற்றியே ஓட்டியிருக்கலாமே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் சூடு பார்க்கிற சென்சார் தண்ணீரில் முழுகாமல் வெறும் ஆவியில் நிற்கலாம். அப்போது மீட்டர் முள் ஏறாமல், சில சமயம் இறங்கவே செய்யும். ‘பரவாயில்லை, ஆறிவிட்டது’ என்று நீங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுவீர்கள். ஹெட் அலுமினியம். அளவுக்கு மேல் காய்ந்தால் மயிரிழை வளையும். மயிரிழை போதும், கேஸ்கெட் அடித்துவிடும். ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேஸிங் பண்ண வேண்டும். அன்றைக்கு அந்த ஐந்து இலக்கச் சீட்டு நிஜமாகிவிடும்.

எல்லாம் மாட்டியதும் போர்த் தண்ணீரை ஊற்றப் போன பையனின் கையைப் பாய் பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் குக்கர் அடியில் வெள்ளையாகப் படிவது போலத்தான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும், டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தில். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஓஸை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழி நிற்கும்வரை ஊற்றினார். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் புது வாட்டர் பாடியும் சுற்றிப் பிரயோஜனமில்லை. மிச்சக் கூலன்டைக் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார். பெரும்பாலான கூலன்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். விஷம்.

கொல்லிமலைக்குப் போனார்கள். 70 வளைவிலும் முள் நடுவிலேயே நின்றதாம். பாதி மலையில் ஒரு பழைய டெம்போ ஓரம் கட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் பையன் பனியனைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போகிறான். நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். “தம்பி, தொடாதே! விசில் அடங்காம குக்கரைத் திறப்பியா?” பையன் கையை எடுத்துவிட்டான். திறந்திருந்தால் நூறு டிகிரியைத் தாண்டின தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடித்திருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்து, தன் கேனையும் கொடுத்துவிட்டு வந்தார். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று கொட்டினால் இரும்பே விரிசல் விடும்.

கோயிலில் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பூசாரியும் தாய்மாமனும் முறைத்தார்கள். காது குத்தினபோது குழந்தை போட்ட சத்தம்தான் அன்றைக்கு வந்த ஒரே விசில் என்கிறார் நண்பர்.

உங்களிடம் பழைய வேனோ, காரோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஐந்தே நிமிஷம் ஒதுக்குங்கள். மூடியின் ரப்பரைப் பாருங்கள். ஓஸ்களை அமுக்குங்கள். ரிசர்வ் டப்பாவில் இன்றைய மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த ஞாயிறு பாருங்கள். கோடு மேலே, தண்ணீர் கீழே என்றால் சொம்பைத் தேடாதீர்கள். ஓட்டையைத் தேடுங்கள். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு இப்போது முன் அனுபவம் இருக்கிறது.